பக்கத்தில் உட்கார்ந்தவரின் குரல்

1970 ஐப்பசி. மழை ஈரத்தில், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் இழுத்துக்கொள்ளும் என்று சின்ன காஞ்சிபுரத்தில் பாதித் தறிகள் ஓய்ந்திருந்தன. எங்கள் வீட்டுத் தறி நிற்கவில்லை. தை முகூர்த்தத்துக்கு முதலாளி கேட்ட கோர்வைச் சேலை அதில் ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு நூலோடு நாடா போகும் ஒவ்வொரு தடவையும் இரண்டையும் கோத்தாக வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் தறிக் குழியில் உட்கார்ந்து நெய்வார். வலப்பக்கம் அண்ணி கரை நாடாவைப் போட்டுவிட்டு, "ம், ஆச்சு" என்பார். அதைக் கேட்டு அண்ணன் தன் நாடாவை விடுவார். அவர் பார்வை பாவு நூலை விட்டு நகராது. கல்யாணமானதிலிருந்து இப்படித்தான்.

ஒரு நாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பும்போது தறி நின்றது.

"சொல்றதுக்குள்ள ஏங்க விட்டீங்க?"

"நீதான ஆச்சுன்னே."

"வாயத் தொறக்கவே இல்லீங்க. வெத்தல மென்னுக்கினு இருக்கேன்."

"அப்ப வெத்தலதான் சொல்லிச்சு."

மூவரும் சிரித்தோம்.

கார்த்திகை பிறப்பதற்குள் சிரிக்க முடியாமல் போயிற்று. அண்ணி சொல்வார், அண்ணன் கை அசையாது. "இன்னொருத்தன் யாரு இங்க?" என்பார். திரும்பி அண்ணி முகத்தைப் பார்த்த பிறகுதான், "ஓ, நீயா."

மெட்ராஸில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். "காதுல கோளாறு இல்லைங்க. உள்ள எழுற பேச்சும் வெளிய வர்ற பேச்சும் அவருக்குக் கலந்துபோகுது. எது யார் குரல்னு பிரிக்கிற அளவுக்குக் கவனம் நிக்கல" என்று மாத்திரை எழுதினார். பின்னாளில் இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த அறையில் கேட்டதைவிட எனக்கு அதிகம் விளங்கவில்லை.

முகத்தைப் பார்த்தால் குரலைத் தெரிந்துகொள்கிறாரே என்று எனக்கு ஒரு யோசனை. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கரை நாடாவை நான் வாங்கிக்கொண்டேன். அண்ணி பாவுக்கு அந்தப் பக்கம், அண்ணனுக்கு எதிரே நின்று குரல் கொடுத்தார். நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அண்ணன் சரியாக விட்டார். ஆனால் நிமிர்ந்தவர் கோர்வையைப் பார்க்கவில்லை. குனிந்து கோர்வையைப் பார்த்தால் குரல் அந்நியமாகிவிட்டது. சேலையும் மனைவியும் ஒரே சமயத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை.

முதலாளி வந்து, கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அங்கங்கே கோர்வை விட்டுப்போய் வெளிச்சம் தெரிந்தது. கோபப்படவில்லை. "உடம்பப் பாருப்பா" என்றார். மறுநாள் அவருடைய ஆள் வந்து பாவு நூலை அவிழ்த்துக்கொண்டு போனான்.

வெறும் தறியில் உட்கார்ந்தபடி அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டார். "நீ பேசாதம்மே. அவன் உன் குரல்லயே பேசறான். நீ நிறுத்திட்டா, பேசறது அவன்தான்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

அண்ணி அன்றே நிறுத்திவிட்டார். சாப்பாட்டுக்குத் தோளைத் தொடுவார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். கூடத்தில் அண்ணன் இருந்தால் என்னிடமும் கையைத்தான் காட்டுவார். மார்கழி, தை, மாசி போயின. மாத்திரையும் நடந்தது; அண்ணன் யாருக்கோ பதில் சொல்வதும் நடந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம். அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"ஊரே என்கிட்ட பேசுது. நீ ஒருத்திதான் பேசமாட்டேங்கற. என் மேல இன்னா கோவம்?"

கரண்டி அப்படியே நின்றது. பேசலாமா என்று கேட்பதுபோல அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணி அண்ணனின் தோளைத் தொட்டார்.