பத்தரைக்குள் இறக்கிய ஜீப்

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பத்தெட்டு. வாசல் விளக்கின் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது நைனாவின் இடது செருப்பு. ஜீப்புக்குப் பக்கத்தில் மண்ணில் தனியாகக் கிடந்தது. நைனா மேலே, முன் இருக்கையில் இருந்தார். தம்பி கீழிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்க, நான் உள்ளிருந்து வலது கையைப் பிடித்து இழுக்க, நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல் சாய்ந்து விழ, அவரை ஏற்றியிருந்தோம்.

"இன்னாடா இது, ஜீப்பா, மாடி வீடா?" என்றார் நைனா, மூச்சு வாங்கிக்கொண்டே. "மாடின்னா படியாவது வெச்சிருப்பானுங்க."

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய நாள் மாலை டேப் வைத்து அளந்திருந்தேன். இருக்கையின் விளிம்பு தரையிலிருந்து முன்பு முப்பத்திரண்டு அங்குலம். இப்போது முப்பத்தாறு. நைனாவுக்கு வயது எழுபத்தொன்று. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும்.

எங்கள் வீடு தொண்டூர் சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, கழனிக்கு நடுவில் இருக்கிறது. வழியில் ஏரியின் உபரி நீர் போகிற கால்வாய் ஒன்று உண்டு. அதன் மேலிருந்த சிறு பாலம் போன மழையில் அடித்துக்கொண்டு போயிற்று. மனு கொடுத்தோம். பத்திரிகை நிருபரான நானே செய்தியும் எழுதினேன். பாலம் வரவில்லை. வாடகைக் கார்கள் கால்வாயைப் பார்த்ததும் திரும்பிவிடும். எங்கள் பழைய ஜீப் மட்டும் இறங்கி ஏறும். ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீர் அதற்கும் மேலே போய்விட, மறுநாள் டிராக்டரில் நைனாவைக் கொண்டுபோனோம். அன்று டாக்டர் சொன்னது இது: "ஒரு நாள் தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும். எடையைப் பார்த்தாலே தெரியும். அடுத்தது மூச்சு."

அதனால்தான் அடியில் இருக்கும் கமான் பட்டைகளை, அந்த வில் போல வளைந்த இரும்பு ஸ்பிரிங்குகளை, மாற்றி ஜீப்பை உயரமாகத் தூக்குவது என்று தம்பி முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிக் கோட்டை வாசலில் சென்னைக்காரர்களின் உயர்த்திய வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றை அவன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு வருவான். நானும் ஒத்துக்கொண்டேன். கோட்டை வாசலில் புகைப்படத்துக்கு நிற்கிற ஜீப் அல்ல இது, நைனா போகிற ஜீப் என்பதை இரண்டு பேருமே அப்போது யோசிக்கவில்லை.

பழைய ஜீப்பும் குலுக்கும். ஆனால் ஒரு முறை குலுக்கிவிட்டு அடங்கிவிடும். இது அடங்கவில்லை. சிறு கல் மேல் ஏறினாலும் கீழிருந்து முட்டியால் குத்துவது போல ஒரு குத்து. பெரிய மேட்டில் ஏறி இறங்கினால் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அதே நொடியில் அடியில் 'டக்' என்று இரும்பு இரும்போடு மோதும் சத்தம். பழைய ஷாக் அப்சார்பரின் நீளம் புது உயரத்துக்குப் போதாமல், கோடி வரை இழுபட்டு நிற்கும் சத்தம் அது. தார்ச்சாலையில் அறுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் இடமும் வலமும் அலைந்தது.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் வரை வேகத்தடைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. நைனா இடது கையை மடியில் வைத்து, வலது உள்ளங்கையால் மூடியபடியே வந்தார். ஊசி போடுவதற்காக அறுவை செய்து ரத்தக் குழாய்களை இணைத்திருப்பது அந்தக் கையில்தான்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்து எழுந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை நிற்காது. எடைக் கருவியில் ஐம்பத்தொன்பது கிலோ என்று பார்த்து எழுதிக்கொண்டு கிளம்பினோம். ஒன்பதாவது வேகத்தடையில் கையில் கட்டியிருந்த பஞ்சு சிவந்தது. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, கட்டை விரலால் இருபது நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தேன்.

நைனா அரசுப் பேருந்தில் முப்பத்தொரு ஆண்டு டிரைவர். மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "எத்தினி வருசம் கடைசி சீட்டு சனங்கள தூக்கித் தூக்கிப் போட்டிருக்கேன். அத்தினி பேரு உட்ட சாபமும் ஒண்ணா சேர்ந்து இப்ப வருது."

தம்பி அதற்கும் சிரித்தான். அன்று மாலை நான் அவனிடம் பேசிய சொற்களை எந்தப் பத்திரிகையிலும் அச்சிட மாட்டார்கள்.

"புது பட்டைண்ணா," என்றான். "ஓட ஓட எளகிடும்."

"அது எளகுற வரைக்கும் நைனா ரத்தம் ஊத்திக்கினே போவணுமா?"

"ரோடு சரியில்ல, அதுக்கு நான் இன்னா பண்றது?"

"ரோடு போன வாரமும் இதே ரோடுதான்டா."

ஞாயிறு போயிற்று. திங்கள்கிழமை டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தான். குத்து கொஞ்சம் மழுங்கியது, தூக்கிப் போடுவது அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு நைனா கட்டிலை விட்டு எழவில்லை.

"வரல."

"நைனா, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. அந்த வண்டியும் ஞாபகம் இருக்குது."

"ரோட்டுல கார் வந்து நிக்கும். ரோடு வரைக்கும்தான் இதுல."

"அந்த ஒன்றரை கிலோமீட்டர்தான்டா என்ன கொல்றது." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "போனா ரத்தம் போவுது. போவலன்னா மூச்சு போவுது. மூச்சாவது வீட்டுல போவட்டும்."

அன்று மாலை அவருடைய கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். எடுத்த பிறகும் பள்ளம் மேலே வரவில்லை. இரவு முழுவதும் தலையணையை அடுக்கி உட்கார்ந்தே இருந்தார். புதன்கிழமை காலை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை வரை வைத்திருக்காதீர்கள், இன்று மூன்று மணிக்கு ஓர் இடம் இருக்கிறது, அழைத்து வாருங்கள் என்றார்கள். டிராக்டரில் உட்கார்ந்து வரும் நிலையில் நைனா இல்லை; கால்வாயைத் தாண்ட வேறு வண்டியும் இல்லை. எட்டரைக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனேன்.

பட்டைக் கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் டிப்போவில் நைனா ஓட்டிய பேருந்துகளுக்குக் கமான் பட்டை மாற்றியவர். எங்கள் ஜீப்பைத் தூக்கியதும் அவர்தான். இறங்கியதுமே கேட்டேன்.

"எவ்ளோ லோடுக்குப் பட்டை வெச்சீங்க?"

"முக்கா டன் தாங்கும் சார்," என்றார் பெருமையாக.

"எங்க நைனா ஐம்பத்தொன்பது கிலோ."

அவர் முகம் மாறியது. "இங்க வர்றது எல்லாம் மல்லாட்ட, நெல்லுன்னு மூட்டை ஏத்துற வண்டி சார். தூக்கணும்னு தம்பி சொன்னாரு. வண்டியத் தூக்குறதுன்னா எங்களுக்கு லோடுக்குத்தான். மேல ஒரு பட்டை சேத்துக் குடுத்தேன். மனுசன் போறதுக்குன்னு இதுவரைக்கும் யாரும் வந்து தூக்கல."

நான் கத்தினேன். பக்கத்து டீக்கடையில் பேச்சு நின்றது. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போனார். ஐந்து நிமிடம் கழித்து என்னையும் குனியச் சொன்னார். பட்டையின் முனையில், போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ்ஷில் வெளிச்சம் அடித்தார். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி, பிழிந்த துணி போல முறுக்கிக் கிடந்தது. எட்டு முனையிலும் அப்படித்தான்.

"வண்டி வெயிட்டு தரையில உக்காந்த பிறகுதான் இந்த போல்ட்ட முறுக்கணும் சார். சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது முறுக்கிட்டா, ரப்பர் அந்த நெலையிலயே புடிச்சிக்கும். எறக்குனதும் இப்பிடி முறுக்கிக்கும். அப்புறம் பட்டைய அசையவே உடாது."

"தெரியாம செஞ்சீங்களா?"

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்." டார்ச்சை அணைத்தார். "நீங்கதான போன் பண்ணீங்க?"

ஆம். வெள்ளிக்கிழமை காலை பத்து பத்துக்கு நைனா நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு, கடைக்குப் போன் போடச் சொன்னார். வேலை முடிந்த வண்டியை ராகு காலத்தில் தரையில் இறக்குவதில்லை என்பது முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம். நான் போன் செய்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்: "பத்தரைக்குள்ள நாலு சக்கரமும் தரையில ஊனி நிக்கணுமாம். அதுக்கப்புறம் வண்டியில யாரும் கைய வெக்கக் கூடாதாம்."

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. எங்கள் பத்திரிகையில் அன்றாடம் அது வரும் பெட்டியைப் பல ஆண்டுகள் பிழை பார்த்திருக்கிறேன். நேரம் சரியா என்று மட்டும் பார்ப்பேன். அன்றும் அதைத்தான் செய்தேன். அதற்குள் வேலை முடியுமா, எதையாவது விட்டுவிட வேண்டியிருக்குமா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்டுத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

"டிரைவரண்ணன் சொன்னா நான் எதிர்த்துப் பேசுவேனா?" என்றார் பட்டைக் கடைக்காரர். "எல்லாத்தையும் ஜாக்கி மேலயே முறுக்கிட்டு பத்து இருபத்தெட்டுக்கு எறக்குனேன். நீங்களாவது இன்னா ஏதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நல்ல வேளையாக, புது புஷ் அவரிடம் இருந்தது. கூடுதல் பட்டையைக் கழற்றி, புஷ்ஷை மாற்றி, ஜீப்பைத் தரையில் இறக்கியபோது மணி பன்னிரண்டே முக்கால். போல்ட்டுகள் எல்லாம் கை முறுக்கில் இருந்தன. அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"புதன்கிழமை சார். ஒன்றரைக்கு மேல முறுக்கிடலாமே."

"மூணு மணிக்கு அவரு விழுப்புரத்துல இருக்கணும். இன்னும் வீட்டுக்குப் போயி அவர ஏத்தணும்."

"அண்ணனக் கேட்டுடுங்க. அவரு பேச்ச மீறி நான் தொட மாட்டேன்."

நைனாவுக்குப் போன் செய்தேன். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுத்தார்.

"மணி இன்னா?"

"பன்னெண்டே முக்கால்."

"ராகு காலம்."

"உன் ராகு காலம்தான் நைனா இத்தனையும் பண்ணிச்சு," என்றேன். குரல் உயர்ந்திருந்தது. "பத்தரைக்குள்ள எறக்கணும்னு நீ சொன்ன. அந்தரத்துலயே முறுக்கிட்டாங்க. அதான் ரப்பர் பிதுங்கிக் கிடக்குது."

நைனா ஒரு மூச்சு இழுத்தார்.

"சொன்னவன் நான்," என்றார். "அத அப்பிடியே கொண்டு போயி குடுத்தவன் நீ." இன்னொரு மூச்சு. "ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன்.

"டேய். நாலும் தரையில நிக்குதா?"

"நிக்குதுண்ணே."

"ஆள ஏத்துனியா?"

"இல்லண்ணே."

"ரெண்டு பேர ஏத்தி நல்லா குலுக்கு. பட்டை அதும்பாட்டுக்கு உக்காரட்டும். அப்புறம் முறுக்கு."

"அண்ணே, நேரம்..."

"நேரம் எனக்குத் தெரியும். முறுக்குடா."

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து ஏறிக் குலுக்கினார்கள். அவர் எட்டுப் போல்ட்டுகளையும் முறுக்கினார். ஒன்று பத்துக்குக் கிளம்பினேன்.

கால்வாயில் இறங்கி ஏறும்போது ஜீப் பழையபடி ஒரு முறை ஆடி அடங்கியது. உயரம் இன்னும் மூன்று அங்குலம் கூடுதலாகவே இருந்தது. தம்பி செங்கல்லை அடுக்கிப் படி வைத்திருந்தான். நைனா அதில் கால் வைத்து, எங்கள் இரண்டு பேர் தோளையும் பிடித்து ஏறினார். இருபத்திரண்டு வேகத்தடைகளில் மூன்றில் மட்டும் அந்த 'டக்' கேட்டது. அவர் கையை மூடிக்கொள்ளவில்லை. வழியில் ஒரு கேலியும் பேசவில்லை.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு நர்ஸ் அவரை எடைக் கருவியில் ஏற்றி நிறுத்தினார். அறுபத்து மூன்று கிலோ நானூறு கிராம்.