பிந்திப்போன இரண்டு கிழமை

சங்கக்கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றபோது செய்தி வந்தது. எங்களோடு படித்த ரமணன் சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "கௌரி மோசம்போட்டா. விடியப்புறமாம்" என்றான். நான் வரிசையை விட்டு விலகவில்லை. என் முறை வந்தது, சீனியை வாங்கினேன், பையின் வாயைக் கட்டினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கௌரியின் தகப்பனார் கேட்டிருக்கிறார். கௌரியை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கெட்டிக்காரி, அடக்கமானவர் என்று வழக்கம்போல எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். கெட்டிக்காரி என்பது சரி. அடக்கம் அவர் இருந்த பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

சண்டையால் மின்சாரம் நின்று வருடக்கணக்கு. தொலைபேசியும் செத்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் வித்தையை நாங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தோம். ஆய்வுகூடத்து ஜெனரேற்றர் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் ஓடும். அதற்கு ஆளுக்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுபோக வேண்டும். கொப்பி மறந்து வந்தவனை விரிவுரையாளர் மன்னிப்பார், போத்தல் மறந்து வந்தவனை நாங்கள் மன்னிக்கமாட்டோம். மற்ற நேரமெல்லாம் கடதாசியில் புரோகிராம் எழுதுவோம். ஒருவர் எழுதியதை மற்றவர் வரிவரியாக வாசித்து, தானே கணினியாக நடித்துப் பிழை பிடிக்க வேண்டும். என்னுடையதை வாசிக்கும் கௌரி எட்டாம் வரியில் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துவிடுவார்.

"நான் நிண்டுபோனன். உம்மடை புரோகிராம் என்னைக் கொண்டுபோட்டுது" என்பார்.

அவருடைய போத்தல் அவரின் ஊரான நீர்வேலியிலிருந்து வரும். வாழைத்தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மெசினுக்கென்று தகப்பனார் ஒதுக்கி வைத்திருந்த எண்ணெய் அது. "வாழை வாடாதோ?" என்று ஒருமுறை கேட்டேன். "வாழை அடுத்த வருசமும் குலை போடும். எனக்கு இறுதி வருசம் ஒண்டுதானே" என்றார். சைக்கிளால் இறங்கியதும் ஐந்து நிமிடம் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய இருதய வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. இங்கே அதற்குச் சத்திரசிகிச்சை செய்ய வழியில்லை, கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்று டொக்டர் கடிதம் கொடுத்திருந்தார். குடாநாட்டை விட்டுப் போவதற்குப் பாஸ் என்கிற அனுமதிச் சீட்டு வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தார்.

காத்திருந்த காலத்தில்தான் இறுதி வருடத் திட்டத்தைச் செய்தார். செத்துப்போன தொலைபேசியின் வயரை இழுத்து, இரண்டு அறைகளில் இருந்த இரண்டு கணினிகளை இணைத்தார். முதல் நாள் நான் மற்ற அறையில் குந்தியிருந்தேன். திரையில் ஆங்கில எழுத்துகளில் தமிழ் வந்தது: "சாப்பிட்டீரோ?" அதில் பாதி எழுத்து தாறுமாறு. பிழையை அறிந்து திரும்பக் கேட்டு வாங்குகிற புரோகிராமை அதற்குப் பிறகு ஆறு மாதம் எழுதினார். அது ஓடுவதைக் காட்டினால்தான் பட்டம்.

பாஸ் வந்தது. சனிக்கிழமை புறப்பாடு. வியாழக்கிழமை பரீட்சகர்களுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. எல்லாம் பொருந்தி வந்ததை நம்ப முடியாமல் கௌரி இரண்டு திகதிகளையும் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை குண்டு போடும் விமானம் வந்தது. பங்கருக்கு ஓடும்போது, "என்னாலை ஓட ஏலாது, இதை நீர் பத்திரமாய் வைச்சிரும்" என்று புரோகிராம் முழுவதும் இருந்த பிளொப்பித் தட்டை என்னிடம் தந்தார். பிளொப்பி கிடைக்காத காலம், ஆளுக்கு ஒன்றுதான். நான் பத்திரமாகத்தான் வைத்தேன், என் சைக்கிள் பைக்குள். சைக்கிளில் விட்டால் களவு போய்விடுமென்று கழற்றிய டைனமோவும் அதே பைக்குள் கிடந்தது. அந்த டைனமோவைச் சுற்றித்தான் எங்கள் வீட்டில் றேடியோ செய்தி கேட்போம். அதற்குள் இருப்பது காந்தம். பிளொப்பியில் உள்ளதைக் காந்தம் அழிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல, பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய விஷயம். மறுநாள் எந்தக் கணினியும் அதை வாசிக்கவில்லை.

பையைத் திறந்து காட்டினேன். கௌரி டைனமோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காந்தத்திலை உமக்கு எத்தினை புள்ளி?" என்று கேட்டார்.

"எழுபத்தெட்டு."

"கூடிப்போச்சு" என்றார்.

நீர் போம், நான் எழுதி முடித்துக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். ஆள் நேரில் நிற்க வேண்டுமென்பது விதி. ஓடாத ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று விரிவுரையாளர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், தவணை வாங்கித் தந்தார். கௌரி சனிக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். கடதாசியில் இருந்த புரோகிராமையும் நினைவில் இருந்த திருத்தங்களையும் வைத்து, நாளுக்கு ஒரு மணித்தியாலமாக, கௌரி முழுவதையும் மறுபடி எழுதினார். நான் போத்தல்களோடு வாசலில் நின்றேன். எனக்கு வேறு வேலை தரப்படவில்லை.

குறித்த நாளில் அது ஓடியது. பரீட்சகர்கள் வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார்கள், ஓர் எழுத்துப் பிசகவில்லை. அதற்கு அடுத்த நாள், குடாநாட்டை விட்டு வெளியேற இருந்த ஒரே வழியான கிளாலிக் கடலில் படகோட்டம் நின்றது. பாதை மூடிவிட்டது. இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று இரண்டு மாதம் போனது.

கடைசியாகக் கௌரியின் வீட்டுக்குப் போனபோது, தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. என்ன செய்வதென்று தெரியாமல் விசிறியை எடுத்து விசுக்கினேன். இவ்வளவு படித்தவனால் செய்யக்கூடியது அவ்வளவுதான். "நிப்பாட்டும், குளிருது" என்றார். நிறுத்தினேன். பிறகு கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் தகப்பனார் என்னைக் கூப்பிட்டு இந்த மலரைப் பற்றிச் சொன்னார்.

"எழுதேக்கை ஒண்டை மட்டும் விட்டிடும் தம்பி. பிள்ளை அந்தத் தட்டைக் காந்தத்தோடை வைச்சுப் பழுதாக்கின கதையை. தன்ரை பிழைதான் எண்டு வந்து சொன்னவ. இவ்வளவு படிச்சும் கவலையீனமோ எண்டு அண்டைக்கு நல்லாய் ஏசிப்போட்டன். சாப்பிடாமல் போய்ப் படுத்தவ."

"அது நான், ஐயா. என்ரை பைக்குள்ளைதான்" என்றேன்.

அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப அதை எழுதும்" என்றார். "விடாமல் எழுதும்."

எழுதிவிட்டேன். கௌரியின் பட்டத்தைத் தகப்பனார் வாங்கிக்கொள்வார், திட்ட அறிக்கை துறையில் இருக்கும். என்னிடம் இருப்பது அந்த ஏச்சுத்தான். எனக்கு வரவேண்டியதைக் கௌரி வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், அடுத்த நாள் காலையில் அரைப் போத்தல் எண்ணெயோடு வந்து நின்றார்.