அட்டையில்லாத பேய்க்கதையும் எங்கள் பாவாவும்

நான் கற்பூரம் விற்றுப் பிழைத்தவன். திருத்தணி மலையடிவாரத்தில், படி ஏறப் போகிறவர்களுக்குத் தேங்காய், பழம், விபூதி எல்லாம் என் கடையில்தான். சாமி உண்டு என்று சொல்வேன், வியாபாரமே அதுதானே. ஆனால் பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும், இன்றைக்கும் அப்படித்தான். ஆகையால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிரித்துக்கொண்டே முழுக்கக் கேளுங்கள், அது போதும்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பி, ரயில் எங்கே நின்றதோ அங்கே இறங்கிவிட்டார்கள். எங்கள் தெருச் சத்திரத்தில் ஒரு வாத்தியாரம்மா வந்து தங்கினார். பாத்திரம் பண்டத்தோடு அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு புத்தகம். அட்டை போய்விட்டது, முதல் தாளும் கிழிந்துவிட்டது, அதனால் கதையின் பெயர் யாருக்கும் தெரியாது. சீமையில் ரொம்பப் பேர்பெற்ற பழைய பேய்க்கதையாம், யாரோ தமிழ்ப்படுத்தியிருந்தார்கள்.

கதை இதுதான். கடல் தாண்டிப் போன ஒரு பிரபு அங்கேயே செத்துப்போகிறான். பெண்சாதி தனியாக இருக்கிறாள். பொழுது சாய்ந்தால் வாசல் கதவை மெதுவாக மூன்று தட்டு, திறந்து பார்த்தால் ஆள் இருக்காது. தட்டுவது செத்துப்போனவன்தான், ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் ஒழிய அவனால் வாசற்படி தாண்ட முடியாது. அவள் எப்போது வாய் தவறிப் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று கடைசி வரைக்கும் நம்மைக் கிலியிலேயே வைத்திருப்பார்கள்.

தெருவே கைமாற்றிப் படித்தது. வேடிக்கை என்னவென்றால் ஒருவர் பயந்த இடத்தில் இன்னொருவர் பயப்படவில்லை. சைக்கிள் கடை காதர் பாய், கதவு தட்டுகிற இடத்தையெல்லாம் வெற்றிலை மென்றுகொண்டே தாண்டிவிட்டார், ஓட்டுகிறவன் இல்லாமல் ஒரு குதிரை வண்டி தானாக வருகிற இடத்தில் புத்தகத்தையும் மூடினார், கடையையும் மூடினார். என்னைப் பெற்ற நைனாவுக்கோ, மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலைகிற காலத்தில் கதையில் வருகிற அந்த அம்மாள் விடிய விடிய விளக்கெரித்ததுதான் பயங்கரம். வாத்தியாரம்மா எத்தனையோ தடவை படித்தவர், இருந்தும் விளக்கு வைத்த பிறகு கதவுப் பக்கம் உட்காரமாட்டார். நான் பயப்படவில்லை. கொல்லைப்பக்கம் போக லாந்தர் எடுத்துக்கொண்டு போனேன் என்றால் அது பாம்புக்காக.

"இந்தக் கத நம்ம ஊர்ல நடக்காதுப்பா," என்றார் காதர் பாய். "நம்ம பொம்பளைங்க எவ புருஷன் பேர சொல்றா?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னது நிஜம். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று இருந்த காலம். ரேஷனுக்குப் பெயர் கேட்டால்கூட பக்கத்திலிருப்பவளை இடித்துச் சொல்லச் சொல்வார்கள்.

அன்றைக்குச் சிரிக்காதவள் என் அக்கா கோவிந்தம்மா ஒருத்திதான். அவள் புருஷன் முனிரத்தினம், எங்கள் பாவா, ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததும் ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே திரும்பினார்கள். அப்படி வந்து சேர்ந்த அரக்கோணத்துக்காரர் ஒருவர், வழியில் பாவா காய்ச்சலில் விழுந்து கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

அக்கா அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்து என்னிடம் கொடுத்தபோது கண் வீங்கியிருந்தது. பயந்துவிட்டாயா என்று கிண்டலாகக் கேட்டேன்.

"இதுல பயப்பட இன்னாடா கீது? கட்னவன் வாசல்ல வந்து நிக்கிறான், தொறக்கமாட்டேன்னு அழுதுகினு கீறா. பைத்தியக்காரி."

அதன்பிறகு அந்தக் கதையை வைத்து நான் கேலி பேசவில்லை.

தீபாவளி போனதும் ஆர்.கே.பேட்டையிலிருந்து பாவாவின் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். வருகிற அமாவாசையன்று காரியம் செய்துவிடலாம் என்றார்கள். அப்படியென்றால் அக்காவின் தாலியும் பொட்டும் அன்றோடு போகும். நைனா தலையைக் குனிந்துகொண்டார். பட்டணத்துக்குத் திரும்பவிருந்த வாத்தியாரம்மாவும் புத்தகத்தை வாங்கிப்போக அந்த நேரம் பார்த்து வந்திருந்தார். விளக்கு வைத்த நேரம், வெளியே தூறல், சாரலுக்காக வாசல் கதவைச் சாத்தியிருந்தோம்.

தட்டினார்கள். மெதுவாக, மூன்று முறை.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாத்தியாரம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் அவர் கையைப் பிடித்தேனோ என்னவோ. அடுப்படியிலிருந்து அக்கா எழுந்து வந்தாள், யாரையும் பார்க்கவில்லை, தாழ்ப்பாளை விலக்கிக் கதவை அகலத் திறந்தாள். வெளியே யாருமில்லை. தூறல், ஈரத் தெரு, அவ்வளவுதான்.

"முனிரத்தினம், உள்ள வாங்க," என்றாள். நல்ல உரத்த குரல்.

"ஐயையோ, புருஷன் பேர சொல்றாளே!" என்று பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கதவு தட்டியதைவிட அவளுக்கு அதுதான் பெரிய திகில். நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசற்படிக்கு உட்புறம் படுத்திருந்த எங்கள் வீட்டு நாய், ஆள் வந்தால் வழிவிடுமே, அப்படி எழுந்து ஒதுங்கி நின்றது. வாலை ஆட்டியது.

அக்கா கதவைச் சாத்தினாள். கை கழுவிவிட்டு வந்து, "வந்துட்டவருக்கு இன்னாத்துக்குங்க காரியம்?" என்றாள். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் காலை வண்டி ஏறினார்கள். வாத்தியாரம்மாவும் புத்தகத்தோடு பட்டணம் போய்ச் சேர்ந்தார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம் பாவா வந்தார். தாடியும் எலும்புமாக, திறந்திருந்த வாசலில் நின்றார். "வாங்க மாப்ளே, வாங்க" என்று நைனா அழுகிறார், நானும் அழுகிறேன், அவர் சிரித்த முகமாக அங்கேயே நிற்கிறார், காலை எடுத்து வைக்கவில்லை. கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உடனே உள்ளே வந்தார்.

"அன்னிக்கே கூப்ட்டே. வந்து சேர இத்தினி நாளாச்சி," என்றார்.

பிறகு சொன்னார். "வர்ற வழில இருந்த முகாம்ல நான் செத்துட்டேன்னு பொணங்களோட படுக்க வெச்சி துணிய மூடிட்டாங்க. அப்ப இவ பேர் சொல்லிக் கூப்புட்டா. கட்டிகினதுலேர்ந்து ஒரு நாளும் சொல்லாதவ, இன்னா அவசரமோன்னு எழுந்து வந்தேன்."

அதற்கப்புறம் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி வாங்கிவந்து விற்றார், கடை பிடித்தார், பிள்ளைகள் பிறந்தன, பேரன் பேத்தியும் பார்த்தாயிற்று. அவரைப்போல் சந்தோஷமான மனுஷனை இந்த ஊரில் நீங்கள் பார்க்க முடியாது. ஒரே ஒரு பழக்கம். எந்த வாசலானாலும் பெயர் சொல்லி அழைத்தால்தான் உள்ளே நுழைவார். சொந்தக் கடைக்குள் போகவும் தினம் காலையில் அக்கா முன்னே போய், "முனிரத்தினம், வாங்க" என்று கூப்பிட வேண்டும். மலைமேல் முருகன் சன்னதியிலும் அப்படியே. ஊர் முதலில் வாயில் கைவைத்தது, அப்புறம் பழகிவிட்டது. "கூப்புட்டா வராரு, அது போதாதா எனக்கு?" என்பாள் அக்கா. புத்தகமோ அவர் வருவதற்கு முன்பே போய்விட்டது, அந்தக் கதையை அவரிடம் யாரும் சொன்னதுமில்லை, நானே பலரைக் கேட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பாவா மட்டும் என்னைப் பார்க்க வந்தார். கொட்டுகிற மழையில் வாசலில் நிற்கிறார்.

"பாவா, நனையறீங்களே, உள்ள வாங்க."

"கூப்டு, வரேன்."

"கூப்ட்டுகினுதானே கீறேன் பாவா!"

சிரித்தார். அந்தப் பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. ஒரு குடையை எடுத்து நீட்டினேன், வாங்கிப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்றபடி காப்பியைக் குடித்துவிட்டு, திருப்தியாகப் போனார். அக்கா புருஷனை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அதனால்தான் கூப்பிடவில்லை என்று நினைக்கிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். மரியாதை இல்லை, பயம். பெயரைச் சொன்னால் என் வீட்டுக்குள் வருகிறவர் யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.