பெண்கள் பிரிவுக்கு ஓர் ஆள்

வால்டர் வீட்டு வாசலில் கூடையை இறக்கியபோது கன்னியம்மாவிடம் ஆறு சங்கராவும் ஒரு கை நெத்திலியும்தான் மிச்சம். வெள்ளிக்கிழமைகளில் ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மீன் வாங்காமல் இருக்க மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு மணிக்குள் கூடை காலியாகிவிடும்.

வால்டர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிலாளர் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். மன்றத்தின் பின்கட்டில் ஒரு நீச்சல் குளம் உண்டு. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அக்கம்பக்கத்துப் பையன்களைச் சேர்த்து அங்கே ஒரு நீச்சல் குழு நடத்துவார்கள். எழுபத்தொன்றாம் வருஷம்தான் முதல் முறையாகப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு தொடங்குவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்து வயதிலிருந்து பதினேழு வரை, பதினோரு பேர். கன்னியம்மாவின் மகள் புஷ்பவல்லி அதில் ஒருத்தி.

"கன்னியம்மா, ஒரு சிக்கல்" என்றார் வால்டர். "பொண்ணுங்க குளிக்கிற நேரத்துல நீச்சல் தெரிஞ்ச ஒரு லேடி கரையில நிக்கணும். அது கமிட்டி ரூல். ஒரு டீச்சரம்மா ஒத்துக்கிட்டாங்க. இப்ப அவங்களுக்கு மஞ்சக்காமாலை. ஆள் கிடைக்கலன்னா பொண்ணுங்க பிரிவே கிடையாதுன்னுட்டாங்க."

"ஐயோ, எம்பொண்ணு அதையே பேசிகினு கீறா சார்."

"அதான் உன்னைப் பிடிச்சேன். நீ நில்லு. கடல்கார வீட்டுப் பொம்பளை, உனக்குத் தெரியாத நீச்சலா?"

கன்னியம்மா சிரித்தே விட்டாள்.

"சார், நா முயங்காலுக்கு மேல தண்ணில எறங்குனதே இல்ல."

"காசிமேட்டுல பொறந்துட்டா?"

"அங்க பொறந்ததாலதான். கடலுக்குப் போறது ஆம்பளைங்க. நாங்க கட்டுமரத்துல காலு வெக்க மாட்டோம். மீனு கரைக்கு வந்தப்பறம் எங்களுது. அதுவரைக்கும் அவுங்களுது."

வால்டருக்கு இது புதுச் செய்தி. நாற்பது வருஷமாகக் கடலோர ஜனங்களோடு பழகிய மனிதர். அவர்கள் வீட்டுப் பெண்கள் மீனைப் போல நீந்துவார்கள் என்று தானாகவே நினைத்துக்கொண்டிருந்தார். கமிட்டியிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

தெரியும் என்று கன்னியம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் பிள்ளைகள் உயிர் விஷயத்தில் தெரியாததைத் தெரியும் என்று சொல்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"எத்தினி நாள் கீது?" என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வாரம். அடுத்த வெள்ளி விட்டு அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டியிலிருந்து ஆள் வந்து பார்ப்பாங்க."

"போதும். அதுக்குள்ள கத்துக்கினு வர்றேன். சங்கரா ஆறும் எடுத்துக்கோ சார், பத்தை போட்டுத் தர்றேன்."

அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, தண்டையார்பேட்டை வரை நடந்து விற்றுவிட்டு வருகிறவள். புருஷன் தேசப்பன் மீன்பிடி லாஞ்சில் போகிறவன். பிறந்த பிள்ளைகள் நான்கில் தங்கியது இரண்டு. மூத்தவன் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். அடுத்தது புஷ்பவல்லி, பதிமூன்று வயது.

அந்தப் பெண்ணுக்கு நீச்சல் தெரியும். துறைமுகக் கல்சுவரின் ஓரத்தில் பையன்களோடு சேர்ந்து, உடைந்த கட்டுமரத் துண்டைப் பிடித்துக்கொண்டு தானாகக் கற்றுக்கொண்டது. கன்னியம்மாவுக்கு இது தெரிந்து ஒரு வருஷம் ஆகிறது. அடித்தும் பார்த்தாள், பேசியும் பார்த்தாள். போன கோடையில் அதே கல்சுவரில் ஒரு பையன் அலை தூக்கி அடித்து மண்டை உடைந்து செத்தான். அதற்குப் பிறகும் இவள் போவதை நிறுத்தவில்லை. தண்ணீரை விட்டு இந்தப் பெண்ணைப் பிரிக்க முடியாது, நல்ல தண்ணீரையாவது காட்டலாம் என்ற முடிவுக்குத் தாய் வந்திருந்தாள். மன்றத்துக் குளம் மூடிப்போனால் புஷ்பவல்லி மறுநாளே கல்சுவரில் நிற்பாள். அதில் சந்தேகமே இல்லை.

வீட்டில் தேசப்பன் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டே கேட்டான்: "நம்ம பொம்பளைங்க தண்ணில எறங்குனா கடலாத்தா கோச்சிக்க மாட்டாளா?"

"இது கடலு இல்லய்யா. கொழாத்தண்ணி. பிளீச்சிங் பவுடரு போட்டு வெச்சிகீறாங்க. கடலாத்தாளுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

அவன் யோசித்தான். பிறகு அடுத்த கிழிசலுக்கு நகர்ந்தான்.

"உன்னோட அரை டிராயரு ஒண்ணு குடு" என்றாள். "பழைய சொக்காயும்."

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் குளத்தில் யாரும் இல்லை. காவல்காரரை வால்டர் வெளிக்கதவுக்கு அனுப்பிவிட்டார். புஷ்பவல்லியும், வால்டரின் மகள் பிலோமியும் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார்கள். பிலோமிக்குப் பதினாறு வயது. நல்ல கட்டுமஸ்தான பெண், நீச்சலில் கெட்டிக்காரி. அரை டிராயரும் முழுக்கைச் சட்டையுமாகக் கன்னியம்மா உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்ததும் இரண்டும் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

"யம்மா, நைனா மாதிரியே கீற!"

"சிரிச்சது போதும். இன்னா செய்யணும், சொல்லுங்க."

மார்பளவு தண்ணீரில் இறங்கினாள். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயந்துகொண்டே செய்த காரியங்கள் அவள் வாழ்க்கையில் நிறைய உண்டு. பிலோமி சொன்னபடி கையை நீட்டினாள், காலை உதைத்தாள். கால் மட்டும் கல்லைக் கட்டினதுபோலக் கீழே போயிற்று.

"முகத்தைத் தண்ணிக்குள்ள வைக்கணும் அக்கா. தலை மேலே இருந்தா கால் முழுகும்."

"வெக்கிறேன்."

வைக்க முடியவில்லை. மூச்சு அடக்க வந்தது. கண்ணை மூட வந்தது. கழுத்துதான் குனியவில்லை. பிலோமி பின்னந்தலையில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள். புஷ்பவல்லியும் சேர்ந்து அழுத்தினாள். கன்னியம்மாவின் உடம்பே முழுகியது, முகம் மட்டும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, கழுத்துல கம்பி வச்சிருக்கா?"

இருபது வருஷம் தலையில் கூடை. ஈரமும் மீனுமாக முப்பது கிலோவுக்குக் குறையாது. தலை கொஞ்சம் சாய்ந்தாலும் சரக்கு தெருவில். அப்படி நிமிர்ந்து பழகிய கழுத்து தரையில் இருக்கும்போதே குனியாது. கீழே கிடப்பதை எடுக்க அவள் முழங்காலைத்தான் மடக்குவாள். கூடை இல்லாத நேரத்திலும் கூடை இருக்கிற மாதிரியே தலையை வைத்திருப்பது அவர்களுக்கெல்லாம் சுபாவம். தண்ணீருக்குள்ளும் அதே சுபாவம் வந்து நின்றது.

ஐந்து நாள் இப்படியே போயிற்று. மூக்கு எரிந்தது, காது அடைத்தது. தெருக்குழாயில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வம்புக்கு இழுத்தாள்.

"இன்னாமே கன்னிம்மா, வயசுக்கு வந்த பொண்ணை வூட்ல வெக்காம நீயும் சேந்து கூத்தடிக்கிறியாமே?"

"ஆமாக்கா. சேத்துக்கிறாங்க. நீயும் வா, சும்மாதான், துட்டு கெடையாது."

"எனுக்கு இன்னா பேஜாரு!"

"அப்ப கொடத்தை நகுத்து. நா பிடிக்கணும்."

ஆறாம் நாள், மார்பளவு தண்ணீரிலேயே பாசி வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தாள். புஷ்பவல்லி கத்தினாள். கன்னியம்மா கத்தவில்லை; கத்த வாய் திறந்தால் தண்ணீர் போகும் என்று அதற்குள் தெரிந்திருந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள் போயின, சத்தம் எல்லாம் அமுங்கியது. அப்போதுதான் கவனித்தாள், கால் மேலே வந்திருந்தது. வயிறும் மேலே இருந்தது. முகத்துக்கு நேரே வெயில்.

"அப்படியே இருங்க!" என்று பிலோமி ஓடி வந்தாள். "அக்கா, மிதக்கிறீங்க! கழுத்தை அசைக்காதீங்க!"

"அதுதான் அசையாதே" என்றாள் கன்னியம்மா, மல்லாந்த நிலையிலேயே.

மல்லாந்து நீந்துவதற்குத் தலை நேராக, அசையாமல் இருந்தால் போதும். ஒரு மாதம் பழகினாலும் பிலோமிக்கு அந்த அளவுக்கு அசையாமல் வைக்கத் தெரியாது. காலை உதைத்து, கையைப் பின்னால் சுழற்றி, எட்டாம் நாளே கன்னியம்மா பாதிக் குளம் தாண்டினாள். போகிற திசை தெரியாததால் பக்கச் சுவரில் இரண்டு முறை மண்டையை இடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏதோ விழாவுக்குக் குளத்தின் நீளவாட்டில் கட்டிய விளக்குக் கம்பியை யாரும் அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு போனால் நேர்க்கோடு. கம்பி முடிந்தால் கரை வந்துவிட்டது.

அடுத்த நான்கு நாளும் அவள் நீளம் நீந்துவதோடு நிறுத்தவில்லை. கரையில் நிற்கிறவளுக்கு வேண்டியது அழகான நீச்சல் இல்லை, முழுகுகிறவளை இழுத்து வருகிற நீச்சல். அதையும் சொல்லிக் கொடு என்றாள். பிலோமி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: பின்பக்கமாகப் போய்த் தாடையைப் பிடித்து, மல்லாந்து இழுத்து வர வேண்டும். புஷ்பவல்லியை முழுகச் சொல்லி, இழுத்து வந்து, மறுபடி முழுகச் சொல்லி, பெண்ணுக்கே அலுத்துப்போகும்வரை பழகினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கமிட்டியிலிருந்து ரகுபதி வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், சட்டதிட்டத்தில் நம்பிக்கை உள்ளவர். கையில் விதிமுறைத் தாளை வைத்துக்கொண்டு வால்டரோடு கரையில் நின்றார். பிலோமி அப்பாவின் பக்கத்தில் இருந்தாள். அறைக்குள் பதினோரு பெண்பிள்ளைகளும் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கன்னியம்மா இறங்கினாள். மல்லாந்தாள். கம்பியைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், இந்த முனையிலிருந்து அந்த முனை போய்ச் சேர்ந்தாள்.

"இது செல்லாது" என்றார் ரகுபதி. "குப்புறத்தான் நீந்தணும்."

"அப்படி எழுதியிருக்கா?" என்று வால்டர் தாளை வாங்கினார். "'ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீந்த வேண்டும். தத்தளிப்பவரைக் கரை சேர்க்க வேண்டும்.' அவ்வளவுதான் இருக்கு."

"எழுதலன்னா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

தண்ணீருக்குள்ளிருந்து கன்னியம்மா கேட்டாள்: "சார், முயுகுற புள்ள, நீ குப்புற வந்தியா மல்லாக்க வந்தியான்னு கேக்குமா?"

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்து, வேறு யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள்.

"சரி. கரை சேர்த்துக் காட்டு" என்றார் ரகுபதி. முழுகிப் பழகியிருந்த புஷ்பவல்லி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "சின்னப் பிள்ளை வேணாம். இந்தப் பொண்ணு இறங்கட்டும்."

அவர் காட்டியது பிலோமியை. பிலோமி ஆழமான பக்கத்தில் குதித்தாள். நடிப்பதென்று வந்தால் அவள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். கையைக் காலை அடித்து, தண்ணீர் குடித்து, கன்னியம்மா கிட்டே வந்ததும் எட்டி முன்பக்கமாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் முழுகினார்கள். கரையில் வால்டர் ஒரு காலணியைக் கழற்றிவிட்டார்.

மேலே வந்தபோதும் பிலோமி பிடியை விடவில்லை. கன்னியம்மா அவள் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். பிலோமி திகைத்துப் பிடியை விட்டாள். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. ஒரே சுற்றில் பின்னால் போய், தாடையைப் பிடித்து, மல்லாந்து, கம்பியைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தாள். பாதி வழியில் மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை, காலை மட்டும் உதைத்துக்கொண்டு வந்தாள். கரையில் பிலோமியை முதலில் ஏற்றி, குப்புறப் போட்டு, முதுகைத் தடவி, குடித்த தண்ணீரைத் துப்ப வைத்தபிறகுதான் தான் ஏறினாள்.

"அடிச்சிட்டியே அம்மா!" என்றார் ரகுபதி.

"முயுகுறவ சொன்ன பேச்சு கேக்க மாட்டா சார். பேசிகினு இருந்தா ரெண்டு பேரும் போயிடுவோம்."

ரகுபதி வால்டரைப் பார்த்தார். வால்டர் ஒற்றைக் காலணியோடு, தன் மகளின் சிவந்த கன்னத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் அவர்.

"அப்பா!" என்றாள் பிலோமி.

ரகுபதி தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "என் பெண்ணும் இதுல இருக்கா" என்று மெதுவாகச் சொன்னார். "பத்து வயசு. அவளையும் தேவைப்பட்டா அடி."

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் பிரிவு தொடங்கியது. கன்னியம்மா ஆழமான முனையில், டிராயரும் சட்டையுமாக, கழுத்தில் விசிலோடு நின்றாள். இறங்குவதற்கு முன்னால் பதினோரு பேரையும் வரிசையில் நிறுத்தினாள். காதில் சீழ் இருந்த ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினாள், காது ஆறினபிறகு வரலாம் என்று. இரண்டு பேரின் நகத்தை அங்கேயே வெட்ட வைத்தாள். இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன் என்று உண்மையைச் சொன்ன ஒருத்தியை அரை மணி நேரம் நிழலில் உட்காரச் சொன்னாள். ஈரத் தரையில் ஓடக் கூடாது, ஒருத்தர் மேல் ஒருத்தர் குதிக்கக் கூடாது, விசில் கேட்டால் எங்கே இருந்தாலும் சுவரைப் பிடிக்க வேண்டும் என்று மூன்றே மூன்று சட்டம் சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

விசில் ஊதினாள். பதினைந்து நாளாகக் காத்திருந்த புஷ்பவல்லிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினாள். வழுக்கினாள். சமாளித்துக்கொண்டு, விழாமல், குளத்தில் குதித்தாள்.

மறுபடி விசில்.

"ஏ புஷ்பா, மேல ஏறு."

"யம்மா! இப்பத்தான குதிச்சேன்!"

"இன்னா சொன்னேன்? ஓடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? போ, செவுத்தோரம் குந்து. பத்து நிமிசம்."

"நா உம்பொண்ணுமா!"

"அதை நம்ம வூட்ல பேசிக்கலாம். ஏறு."

அந்தக் கோடையில் குளத்திலிருந்து முதலில் வெளியேற்றப்பட்டவள் புஷ்பவல்லிதான். சுவரோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக, அடிமேல் அடி வைத்து நடந்து போய், ஓரத்தைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார்கள்.