காய்க்குத் திரும்பாத கால்சியம்

அப்போது எனக்கு ஏழாம் மாதம். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தக்காளிச் செடிகளோடு வேலை. கால்சியம் போகும் வழியிலேயே ஸ்ட்ரான்சியமும் போகும். அதனால் கால்சியத்தின் தடம் அறிய ஸ்ட்ரான்சியத்தை வேருக்கு ஊற்றும் நீரில் கலந்து, எங்கே சேர்கிறது என்று பார்ப்போம்; சேர்ந்த இடம் திரையில் ஒளிரும்.

மழை ஜன்னலில் வழிந்த ஒரு மதியம், திரையில் முதிர்ந்த இலைகள் நிலவுபோல் ஒளிர்ந்தன. காயின் நுனி மட்டும் இருண்டு கிடந்தது.

"இலைக்குப் போனது இலையிலதான் கேட்டோ. காய் அழுகினாலும் திருப்பிக் குடுக்காது," என்றாள் உடன் வேலைபார்த்த மலையாளத்துக்காரி பிந்து.

கால்சியம் மாத்திரையைத் தவறவிட்டபோது டாக்டர் சொன்னது நினைவில் எழுந்தது. "பிள்ளை உங்க எலும்புலேர்ந்து எடுத்துக்கும்." அன்று அது மிரட்டலாகக் கேட்டது. இப்போது வயிற்றில் கைவைத்து அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"என்னடி அதிசயமா கேக்க?"

நாலு பிள்ளைக்கும் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுத்த அந்த உடம்பு இலையல்ல என்பதை அவளிடம் எப்படிச் சொல்வேன்.