சம்பளம் கூடின பதினோரு மாதம்

கால்நடை மருத்துவம் படித்தவள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வியே, "கவர்மெண்ட்டுங்களா, கம்பெனிங்களா?" என்பதுதான். இரண்டும் இல்லை, ராசிபுரத்துக்கு வெளியே சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன், ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் மாடு பார்க்கிறேன் என்றால் கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். பதினான்கு வருஷம் அந்த முகங்களைப் பார்த்து அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் நாமக்கல் கோழித்தீவனக் கம்பெனி ஒன்று என்னைக் கூப்பிட்டது. என் சம்பாத்தியத்தைப் போல இரண்டரை மடங்கு சம்பளம், கூடவே காரும்.

என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்பார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்.

"இஷ்டம்னு சொல்லிட்டு எதுக்கு இப்படி மூச்சு விடறீங்க?"

"ஏன், மூச்சுகூட விடக் கூடாதா?"

அந்த மூச்சுக்குப் பயந்தே சேர்ந்தேன் என்று சொல்வது பொய். மகள் பதினொன்றாம் வகுப்பு. மேலே படிக்க வைக்க வேண்டும். எனக்கும் அந்தச் சம்பளத்தின் மேல் ஆசை இருந்தது.

வேலை ஒன்றும் மோசமில்லை. ஆனால் கோழிப்பண்ணையில் ஒரு கோழிக்கு வைத்தியம் என்று எதுவும் கிடையாது, மொத்த ஷெட்டுக்கும் சேர்த்துத்தான். அதிலும் என்னுடைய வேலை வைத்தியம் இல்லை, தீவனத்தை விற்பது. போகிற பண்ணையிலெல்லாம் வாசலில் நின்று போட்டோ எடுத்து லொகேஷனோடு குரூப்பில் போட வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவரான மேனேஜர் உடனே கேட்பார்: "மேடம், ஆர்டர் என்னாச்சு?" காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். சாமி கும்பிடுகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகக் கும்பிட மாட்டார்கள்.

ஏழாவது மாதம், மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. வெண்ணந்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். புருஷன் இல்லை, இரண்டு மாடுதான் பிழைப்பு. பல வருஷமாக நான்தான் அந்த மாடுகளுக்கு டாக்டர்.

"டாக்டரம்மா, மாடு கன்னு போட முடியாம கெடக்குதுங்க."

"நான் இப்போ கம்பெனியில இருக்கேங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டனுங்க, அவரு முகாமுக்குப் போயிட்டாராம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சாமி."

காரைத் திருப்பினேன். திருப்பும்போதே என்மேல் எனக்கு எரிச்சல். மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன, தலை மட்டும் உள்ளே பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. கம்பெனிச் சட்டையின் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு மண்ணில் படுத்துவிட்டேன். கன்றை உள்ளே தள்ளி, தலையைப் பிடித்து நேராக்கி, கயிறு போட்டு இழுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கன்று செத்துத்தான் வந்தது. மாடு பிழைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று தண்ணீர் குடித்தது.

அந்த அம்மா அழவில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "நேத்து ராத்திரியே வந்திருந்தீங்கன்னா கன்னு பொழச்சிருக்குமுங்களா?"

"பொழச்சிருக்கலாம். ராத்திரியே ஏன் கூப்பிடலை?"

"நீங்க கம்பெனிக்குப் போயிட்டீங்க. கூப்பிட்டா நல்லாருக்காதுன்னு உட்டுட்டனுங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்க் காரை எடுத்தேன்.

மீட்டிங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி முடிந்திருந்தது. என்மேல் வீசிய நாற்றத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தள்ளி உட்கார்ந்தார். "மேடம், லொகேஷன் வேற எங்கயோ காட்டுச்சே" என்றார் மேனேஜர். நடந்ததைச் சொன்னேன். "பெர்சனல் வேலைன்னா லீவு போட்டுக்கங்க மேடம்" என்றார். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

அன்றைக்கே ராஜினாமாக் கடிதத்தைத் தூக்கிப் போட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போடவில்லை. மகளின் பள்ளிக்கூட வருஷம் முடியட்டும் என்று இன்னும் நாலு மாதம் தீவனம் விற்றேன். அந்த நாலு மாதமும் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்த மகளே, "அம்மா, நீ மாடே பாரு. எங்களால முடியலை" என்றாள்.

மறுபடி ஸ்கூட்டர். கம்பெனியை விட்டது சரியா என்று கேட்டால் மாதக் கடைசியில் ஒரு பதில் சொல்வேன், மாடு எழுந்து நிற்கிற நாளில் வேறொன்று சொல்வேன். போன ஞாயிற்றுக்கிழமை ஓமலூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இலையில் உட்கார்ந்து முதல் வாய் வைப்பதற்குள் போன். பட்டுப்புடவையோடு மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு, "எத்தனை தரம் சொல்றது, வயிறு உப்பினா உடனே கூப்பிடுங்கன்னு!" என்று கத்திக்கொண்டிருந்தேன். கம்பெனியில் எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை லீவு ஒன்றுதான்.