வடிவு பிரித்த இரண்டாவது பொட்டலம்

எங்கள் எதிர் வீட்டுச் சண்முகவடிவு எதையும் லேசில் நம்பமாட்டாள். தி.நகர் ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருஷமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறாள். மேல்மடிப்பு பளிச்சென்று இருந்தால் உள்மடிப்பைத்தான் முதலில் பார்ப்பாள். வயது முப்பத்து மூன்று. ஒரு பெண் குழந்தை. இன்னொன்று வேண்டும் என்று முண்டகக்கண்ணி அம்மனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மூன்று வருஷமாக மாதாமாதம் இடுப்பைப் பிளக்கும் வலி. அவள் நாத்தனார் மதுமதி வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, எடுத்துவிட்டால் வலி போய்விடும் என்றாராம் டாக்டர்.

"அஞ்சு நிமிஷம்கூடப் பேசலக்கா. அதுக்குள்ள தேதி குறிச்சிட்டாரு. எனக்கு என்னமோ சரியாப் படல" என்றாள் வடிவு.

நான் அவளை ராயப்பேட்டை அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "சாய்ஞ்சிருக்கிறது நிறைய பேருக்கு உண்டும்மா. அதுவே ஒரு வியாதி இல்ல. சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்போம். பின்னால ஒட்டிக்கிட்டு இருந்தா பிரிச்சு விடலாம். தேவைப்பட்டா, தாங்குற நாரைச் சுருக்கித் தைச்சு நிமிர்த்தலாம். தைச்சது நாளடைவில தளர்ந்தும் போகலாம், அதையும் சொல்லிடறேன். எடுக்கிறது கடைசி வழி."

வெளியே வந்ததும் வடிவு, "தளரும்னு அவங்களே சொல்றாங்களே. நம்ம மேல தொழில் பழகப் போறாங்களோ?" என்றாள்.

"இன்னா வடிவு, மறைச்சாலும் சந்தேகம், சொன்னாலும் சந்தேகமா?" என்றேன்.

சரி, அம்மனே சொல்லட்டும் என்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போனோம். வெள்ளைப் பூ வந்தால் கர்ப்பப்பை இருக்கட்டும். சிவப்பு வந்தால் எடுத்துவிடுவது. கூட வந்த மதுமதிதான் பூக்களை வாழையிலையில் மடித்து இரண்டு பொட்டலமாக வைத்தாள். வடிவு கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். சிவப்பு அரளி.

"ஆத்தாளே சொல்லிட்டா" என்றாள் மதுமதி.

வடிவு மற்றப் பொட்டலத்துக்கும் கையை நீட்டினாள். சாமி காரியத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று நான் தடுத்தேன். அதற்குள் பிரித்துவிட்டாள். அதிலும் சிவப்பு அரளி.

"மதினி, இது ஆத்தா சொன்னதா, உங்க டாக்டர் சொன்னதா?"

"நீ வலியில சுருண்டு கெடக்கறத என் தம்பி எத்தன நாளு பாத்துட்டிருப்பான்? அதான் வச்சேன். யாரும் சொல்லிக் குடுக்கல" என்று மதுமதி தலையைக் குனிந்துகொண்டாள். அது நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மறுபடி கட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"வேணாங்க்கா. ரெண்டாவதைப் பிரிக்க வச்சதே ஆத்தாதான்."

அடுத்த மாதம் ராயப்பேட்டையில் ஆபரேஷன். சம்மதத் தாளை நானும் அவளும் எழுத்துக்கூட்டி மூன்று முறை வாசித்தோம். பிறகும் மனசு ஆறாமல் பேனா வாங்கி, "என்னைக் கேட்காமல் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது" என்று கீழே எழுதினாள். டாக்டரம்மா படித்துவிட்டுப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

அந்த மை அழிகிறதா என்று வடிவு கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் உள்ளே போனாள்.